வலப்பக்கம் காலி

என் இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும், வீடு போலவே வசிக்கக்கூடிய, முப்பது அடி நீள ஆர்.வி. வண்டியை நான் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமப் படிவத்தில் பொய் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்யால் என் மனைவிக்கு எலும்பு முறிந்தது. அது அவளுடைய தவறால் நடந்தது என்று அவளையே நம்ப வைத்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா எதையும் குறைச்சு எழுதாதீங்க" என்றாள்.

நாங்கள் இருப்பது டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் குழாய் அமைப்புகளை வடிவமைக்கும் வேலையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தேன். ஓய்வு நெருங்க நெருங்க ஒரே ஆசைதான். வாரக் கடைசியில் அரக்கப் பரக்கப் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்த தேசியப் பூங்காக்களை இனி நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் ஓய்வு பெற்றவர்களில் ஒரு சாரார் வீட்டைப் பூட்டிவிட்டோ விற்றுவிட்டோ ஆர்.வி.யில் கிளம்பிவிடுவார்கள். குளிர்காலம் வந்தால் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்ற சின்னப் பாலைவன ஊரைச் சுற்றி அப்படிப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் நாங்களும் சேர வேண்டும் என்று நினைத்தேன். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனைவியும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றாள். அவளுக்கும் மலை, காடு என்றால் உயிர். அவளை வற்புறுத்தி அழைத்துப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆர்.வி.யில் பல வகை உண்டு. பேருந்து அளவுக்குப் பெரியதை கிளாஸ் ஏ என்பார்கள், வேன் அளவுள்ளதை கிளாஸ் பி என்பார்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி கிளாஸ் சி. நாங்கள் வாங்கியது கிளாஸ் சி, ஃபோர்டு ஈ-450 அடித்தளத்தில் கட்டியது, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. முழுச் சுமையோடு 14,500 பவுண்டு வரை போகலாம், அதாவது ஆறரை டன். இதை ஓட்டத் தனி உரிமம் எதுவும் வேண்டாம். டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு உட்பட்ட ஆர்.வி.க்குச் சாதாரணக் கார் உரிமமே போதும். வாங்கிய அன்று கடை வளாகத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், சாவி கைக்கு வந்துவிட்டது. 62 வயது தாண்டிய குடிமக்களுக்கு 80 டாலருக்கு வாழ்நாள் பூங்கா அட்டை கிடைக்கிறது. பெரும்பாலான மத்திய அரசுப் பூங்காக்களுக்கு அதுவே நுழைவுச் சீட்டு, பல முகாம்களில் கட்டணமும் பாதி. அதையும் வாங்கினேன். கேம்ப்கிரவுண்டுகளில் இடம் பிடிக்க ஆறு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதால் அடுத்த வசந்தம் வரைக்கும் பதிவு போட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கண் பரிசோதனை. கண்ணாடி மாற்றலாம் என்று போனவனை மருத்துவர் வேறொரு சோதனைக்கு அனுப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தோன்றும். தெரிந்தபோது கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் பொத்தானை அழுத்தாமல் நெடுநேரம் சும்மா இருந்த இடங்கள் உண்டு. கருவி பழுது போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். வெளியே வந்த தாளில் அந்த இடங்களெல்லாம் கறுப்பாக இருந்தன.

கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய். வலிக்காது, சிவக்காது. நேராகப் பார்க்கும் பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கலாம், ஓரங்கள்தான் முதலில் போகும். போன இடம் கறுப்பாகவும் தெரியாது. இருப்பதை வைத்து மூளை நிரப்பிக்கொள்வதால், எதையும் இழந்ததாகவே தோன்றாது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. இருப்பதைக் காக்கலாம், அவ்வளவே. "இரவில் ஓட்டாதீர்கள். அந்தப் பெரிய வண்டியை விட்டுவிடுங்கள்" என்று மருத்துவர் நேருக்கு நேர் சொன்னார். அவர் சொல்லவில்லை, நான் புரிந்துகொள்ளவில்லை என்ற சாக்குக்கு இடமே இல்லை.

எனக்கு இந்த நோய் புதிதும் இல்லை. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டில், என் அப்பாவின் கடைசி ஆண்டுகளில், அவர் தாழ்வாரத்துச் சுவரைத் தடவிக்கொண்டே பின்கட்டுக்குப் போவார். அம்மா தட்டை வைத்துவிட்டு, எந்தப் பக்கம் பொரியல், எந்தப் பக்கம் கூட்டு என்று சொல்லுவாள். அப்பாவைப் போல ஆகிவிடுவேனோ என்ற பயம் மருத்துவர் அறையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அதை நான் இங்கே மறைக்கவில்லை, ஆனால் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். பயந்தவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து, "கண்ணுல கொஞ்சம் பிரஷர் இருக்காம், ராத்திரி சொட்டு மருந்து போட்டா சரியாயிடுமாம்" என்று சொன்னேன். அவள் நம்பினாள். நூலகத்தில் இருந்தவள், தேடிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். என் வார்த்தை போதும் என்று விட்டுவிட்டாள். பிரிக்காத சொட்டு மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஆர்.வி.யின் சின்ன ஃப்ரிட்ஜில் தோசை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினாள். எந்தப் பூங்காவில் இருந்தாலும் படுக்கப் போகுமுன், "சொட்டு போட்டீங்களா?" என்று கேட்கத் தவறமாட்டாள்.

இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். எனக்கு வலக்கண்தான் அதிகம் பாதித்திருந்தது. ஆக, எந்தப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாளோ அந்தப் பக்கம்தான் எனக்குத் தெரியாத பக்கம். முதல் பயணத்திலேயே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். தடம் மாறும்போதும் வலப்பக்கம் திரும்பும்போதும், "பார்த்துச் சொல்லும்மா" என்பேன். அவள் கண்ணாடியைப் பார்த்து, திரும்பியும் பார்த்து, "வலப்பக்கம் காலி" என்பாள். பெரிய வண்டியில் இருவராகப் பார்த்து ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அதில் அவளுக்குப் பெருமை. தோழிகளிடம், "அவர் பைலட், நான் கோ-பைலட்" என்பாள். உண்மையில் அவள் என் வலக்கண்ணாக வேலை செய்துகொண்டிருந்தாள், அது அவளுக்குத் தெரியாது.

ஒருமுறை அவள், "நானும் இதை ஓட்டக் கத்துக்கறேங்க. கிளாஸ் எல்லாம் இருக்காம்" என்று கேட்டாள். இருபது ஆண்டுக்கு மேல் கார் ஓட்டி ஒரு கீறல் கூட விழ விடாதவள். "உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்" என்று தட்டிக் கழித்தேன். அவள் ஓட்டினால் நான் வலப்பக்க இருக்கைக்குப் போக வேண்டும். காலியா என்று அவள் கேட்பாள். என்னால் சொல்ல முடியாது.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் தங்கியிருந்தோம். செயற்கை வெளிச்சம் மிகக் குறைந்த இடம் என்பதற்காக 2012-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்றது. ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோ. இரவு சாய்வு நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று கையை நீட்டி, "அதோ! எவ்வளவு நீளமா விழுந்துச்சு, பார்த்தீங்களா?" என்றாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. "பார்த்தேன், பார்த்தேன்" என்றேன். அதற்குப் பிறகு இப்படிப் பார்த்ததாகச் சொன்னவை நிறைய. யெல்லோஸ்டோனில் சாலையோரம் போன கரடிக் குட்டி, சான்டா ஃபே ஊரின் பழைய மண் வீட்டுச் சுவரில் ஏறியிருந்த கொடி, எல்லாம் அவள் பார்த்தாள், நான் ஆமாம் போட்டேன். இவற்றால் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இவற்றில்தான் படிந்தது.

சயான் பூங்காவுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போனால் ஒரு பெரிய சுரங்கப்பாதையைக் கடந்தாக வேண்டும். 1930-இல் திறந்தது, மணற்பாறை மலையைக் குடைந்து போகிறது. நீளம் 1.1 மைல், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் கார்களுக்காக வெட்டியது என்பதால் இரண்டு பெரிய வண்டிகள் எதிரும் புதிருமாக உள்ளே போக முடியாது. நாங்கள் போனபோது, அகலம் 7 அடி 10 அங்குலத்தைத் தொட்டாலோ உயரம் 11 அடி 4 அங்குலத்தைத் தொட்டாலோ 15 டாலர் கட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பது நடைமுறை. ரேஞ்சர்கள் இருமுனையிலும் நின்று எதிர்ப்போக்குவரத்தை நிறுத்தினார்கள், எங்கள் வண்டி நடுவில் போக முடிந்தது. உள்ளே விளக்கு கிடையாது. மலையின் வெளிச்சுவரில் வெட்டிய சாளரங்கள் வழியாக அங்கங்கே பகல் வெளிச்சம் பாயும், மறுபடி இருட்டு.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழகுவதற்கு இந்த நோய்க்காரர்களுக்கு அதிக நேரம் பிடிக்கும். யூட்டா மாநிலத்து நண்பகல் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் எனக்கு எதுவும் தெரியவில்லை. எதுவும் என்றால் எதுவுமே. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அது எதன் மேல் விழுகிறது என்று புரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் எங்களோடு அனுப்பப்பட்ட வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. "இந்தப் பக்கம் ரொம்ப வந்துட்டீங்க" என்றாள். இடப்பக்கம் ஒடித்தேன். "ஐயோ, இப்ப அந்தப் பக்கம்! நேரா பிடிங்க, நேரா" என்றாள். நடுக்கோடு எங்கோ மின்னியது, அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். ஒரு சாளரம் வந்தது, கண் கூசியது, மறுபடி முதலிலிருந்து குருட்டுத்தனம். அந்த மலைக்குள் எங்களுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் இருந்தன என்று நான் அப்போது நினைக்கவில்லை. வெளியே வந்து ஒதுக்குப்புறத்தில் நிறுத்தியபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "கூலிங் கிளாஸைக் கழட்ட மறந்துட்டேன்" என்றேன். கழற்றித்தான் இருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததைவிடத் தெளிவான எச்சரிக்கை யாருக்கும் கிடைக்காது.

அடுத்து உரிமம் புதுப்பிக்கும் காலம் வந்தது. டெக்சாஸ் படிவத்தில் உடல்நிலை பற்றிய கேள்விகள் உண்டு. பாதுகாப்பாக ஓட்டுவதைப் பாதிக்கக்கூடிய நோய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, உதாரணங்களும் கொடுத்திருக்கும். நாளாக நாளாக மோசமாகும் கண் நோய் என்று போட்டு, கிளாக்கோமா என்று பெயரையும் அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். எழுத்து வாசிக்கச் சொன்னார்கள். நேர்ப்பார்வை எனக்குக் குறைவில்லை, தடங்கலின்றி வாசித்தேன். அதைத் தேர்ச்சி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு கிழக்குப் பக்கம் போனோம். வாஷிங்டன் நகரத்துக்குள் ஆர்.வி.யை நிறுத்த இடம் கிடைப்பது கடினம், புறநகரில் மேரிலாந்துப் பக்கத்து முகாமில் நிறுத்திவிட்டுப் பேருந்தும் மெட்ரோவும் பிடித்தோம். அந்த நாட்களைப் போல நிம்மதியாக நான் எந்தப் பயணத்திலும் இருந்ததில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது. காலையில் போனால் மாலை வரை சுற்றினோம். லிங்கன் நினைவகத்துப் படியில் உட்கார்ந்து, அவள் வண்டியிலிருந்து கட்டிவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். நான் ஓட்ட வேண்டாம், எனவே பொய் சொல்ல வேண்டாம். அந்த நிம்மதிக்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. பூங்காக்களையும் இப்படிப் பார்க்க வழி உண்டு என்பதும் தெரியும். கிராண்ட் கேன்யனுக்கு வில்லியம்ஸ் ஊரிலிருந்து 1901 முதல் தண்டவாளம் இருக்கிறது, நடுவில் நின்றுபோன ரயில் 1989-இலிருந்து மறுபடி ஓடுகிறது. கிளேசியர் பூங்காவின் வாசலில் ஆம்ட்ராக் ரயில் நிற்கும். உள்ளே சுற்றிக் காட்ட 1930-களின் சிவப்புப் பேருந்துகள் இன்னும் ஓடுகின்றன. சயானிலேயே பள்ளத்தாக்குக்குள் ஆண்டின் பெரும்பகுதி பூங்காப் பேருந்தில்தான் போக முடியும். இவ்வளவும் தெரிந்தவன்தான் முகாமுக்குத் திரும்பி மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஆர்.வி.க்காரர் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. தமிழ்ச் சங்கத்தில் படம் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறேன். அந்தப் பெயரை விட மனசில்லை.

திரும்பும் வழியில் ஷெனன்டோவா, அடுத்து கிரேட் ஸ்மோக்கி மலைகள். வட கரோலினா பக்கத்தில் ஓடைக்கரையில் ஒரு கேம்ப்கிரவுண்ட். உயரமான மரங்கள், தரையெல்லாம் வெயிலும் நிழலும் கலந்து திட்டுத் திட்டாகக் கிடந்தன. மாலை நேரம். எங்களுக்குக் கொடுத்த இடத்துக்குப் பின்பக்கமாகத்தான் வண்டியை விட வேண்டும். எப்போதும் போல அவள் இறங்கிப் பின்னால் போய் நின்றாள். நம் ஊர் நடத்துனர் மாதிரி, "வரலாம்... வரலாம்..." என்று குரல் கொடுப்பாள்.

ஆர்.வி. ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு. பின்னால் நின்று வழி காட்டுகிறவர் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாமல் போன கணமே நிறுத்திவிட வேண்டும். அவள் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். வலப்பக்கக் கண்ணாடியில் இலையும் நிழலும் தெரிந்தன, அவளைக் காணவில்லை. குரல் கேட்டது. குரல் கேட்கிறதே என்று விட்டேன். இடப்பக்கம் ஒரு பாறை இருந்தது, அதில் இடித்துவிடக் கூடாது என்று அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்தேன். பின்னோக்கிப் போகும்போது இப்படி ஒடித்தால் வண்டியின் பின்மூலையும் வலப்பக்கம் போகும். ஓர் அலறல் கேட்டது. பிரேக்கை மிதித்தேன்.

பின்மூலை அவள் தோளில் தட்டியிருக்கிறது. விழும்போது கையை ஊன்றியிருக்கிறாள். வலது மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. நான் ஓடிப்போய் முதலில் சொன்ன வார்த்தை, "அங்க ஏன் போய் நின்ன?"

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க, நான்தான் தள்ளி நின்னிருக்கணும்" என்றாள்.

பக்கத்து ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், எப்படி நடந்தது என்று செவிலியர் கேட்டார். நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிட்டேன் என்று அவளே சொன்னாள். செவிலியர் என்னைப் பார்த்து, நீங்கள் கவனிக்கவில்லையா என்றார். "மரநிழல், சரியாகத் தெரியவில்லை" என்றேன். இரண்டு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன், என் முகத்துக்காக அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தேன்.

அங்கிருந்து ஹூஸ்டன் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். மகனைக் கூப்பிட்டிருக்கலாம், விமானத்தில் வந்து ஓட்டிக்கொண்டு போயிருப்பான். கூப்பிடவில்லை, நானே ஓட்டினேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் தலையணை மேல் வைத்துக்கொண்டு, வழி முழுக்க அவள் கண்ணாடியைப் பார்த்து, "வலப்பக்கம் காலி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். படிவத்தில் எழுதிய பொய்யை விடவும் இது கேவலம்.

ஊருக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தன் அசட்டுத்தனம் என்றே சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மணிக்கட்டு சேர்ந்தது, ஆனால் முழுசாக மடங்கவில்லை. மாவு கரைக்கும்போது இன்னும் இடக்கையைத்தான் பயன்படுத்துகிறாள்.

நானாக முன்வந்து சொல்லவில்லை. பிடிபட்டேன். கண்பாவையை விரிக்கும் மருந்து போட்டால் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது, கூட ஒருவர் வர வேண்டும். அதுவரை ஏதாவது சாக்குச் சொல்லி வாடகைக் காரில் போய்வந்தேன். ஒருநாள் அவள் தானே வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள், மறுக்க முடியவில்லை. அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தாள். மருத்துவர் திரையில் பக்கப் பார்வைப் படங்களை வரிசையாகக் காட்டினார், பழையது முதல் புதியது வரை. கறுப்பு பரவிக்கொண்டே வந்திருந்தது. "இது எப்போதிலிருந்து?" என்று அவள் கேட்டாள். அவர் முதல் படத்தின் தேதியைச் சொன்னார். இன்னும் அந்தப் பெரிய வண்டியை ஓட்டுகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவள் "ஓட்டுகிறார்" என்றாள்.

காரை அவள்தான் ஓட்டினாள். பாதி வழியில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நான் தப்பான இடத்துல நிக்கலையா?"

"இல்லை" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, அவளும் கேட்கவில்லை.

பூங்காக்களில் முத்திரை குத்திக்கொள்வதற்கான கையேடு ஒன்று உண்டு, 1986 முதல் இருக்கிறது. ஒவ்வொரு பூங்காவின் பார்வையாளர் மையத்திலும் பூங்காவின் பெயரும் தேதியும் கொண்ட முத்திரை இருக்கும், நாமே குத்திக்கொள்ளலாம். எங்கள் கையேட்டை அவள்தான் பத்திரப்படுத்தி வந்தாள். அன்று மாலை அதை மேசை மேல் வைத்து, மருத்துவர் சொன்ன தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தாள். பிக் பெண்ட் அந்தத் தேதிக்குப் பின். சயானும் பின். ஒவ்வொன்றிலும் விரல் வைத்து, "இங்க தெரிஞ்சுதா? அந்தச் சுரங்கத்துல தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். விழுந்த நட்சத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அழுதாள்.

பல வாரம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சொட்டு போட்டீர்களா என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.

மகளிடமும் மகனிடமும் சொன்னபோது, நான் யோசித்தே பார்க்காத ஒன்றை மகள் கேட்டாள். "அப்பா, இது தாத்தாவுக்கும் இருந்துச்சு, உங்களுக்கும் இருக்கு. எங்களுக்கு யார் சொல்லியிருக்கணும்?" பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். என் மானத்தைக் காப்பதற்காக, பிள்ளைகள் தங்கள் கண்ணைக் காத்துக்கொள்ளும் ஆண்டுகளை நான் தின்றிருக்கிறேன். சோதித்ததில் மகனுக்கு ஒன்றும் இல்லை. மகளுக்கு அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, மருத்துவர் கண்காணிப்பில் வைத்திருக்கிறார். அவளுக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை.

வண்டியை விற்றுவிட்டோம். உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடையாள அட்டை வாங்கிக்கொண்டேன். கார் சாவி அவளிடம் இருக்கிறது. நான் வலப்பக்க இருக்கையில் உட்காருகிறேன், அவள் என்னிடம் எதையும் பார்த்துச் சொல்லச் சொல்வதில்லை. கிராண்ட் கேன்யனுக்கு ரயிலில் போகலாம் என்று அவளே பேச்சை எடுத்திருக்கிறாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அது நான் கேட்டு வாங்குகிற பொருள் அல்ல.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற வயதில் காரோ ஆர்.வி.யோ நம் ஊரில் ஸ்கூட்டரோ ஓட்டுகிறவராக இருந்தால், எழுத்து வாசிக்கும் சோதனையோடு திருப்தி அடையாதீர்கள். பக்கப் பார்வைச் சோதனை வேண்டும் என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மதுரையிலும் சென்னையிலும் கண் மருத்துவமனைகளில் அது உண்டு, செய்து முடிக்க அதிக நேரம் ஆகாது. நோய் இருப்பது தெரிந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த வாரமே சொல்லுங்கள். ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், உங்களை நம்பிப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரிடம் அன்று இரவே சொல்லிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.